முதலீட்டு ஆலோசகரா, தானியங்கித் தளமா? 20 லட்சம், 25 ஆண்டு

புதுவரவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கையில் 20 லட்சம் இருக்கிறது. 25 ஆண்டுக்கு இதைத் தொட வேண்டிய தேவை வராது. இரண்டு இடங்களில் விசாரித்ததில் கிடைத்த விவரம் இது.

முதலீட்டு ஆலோசகர் ஒருவர்: ஆண்டுதோறும் மொத்த மதிப்பில் 1% கட்டணம். அவர் எழுதிக் கொடுத்த ஃபண்டுகளின் உள்செலவு (ஃபண்டு நிறுவனமே எடுத்துக்கொள்ளும் ஆண்டுச் செலவு) சராசரியாக 0.75%. ஆண்டுக்கு இரண்டு முறை நேரில் சந்திப்பு.

தானியங்கித் தளம் ஒன்று (கணினி நிரலே முதலீட்டை நிர்வகிக்கும் இணையச் சேவை): கட்டணம் 0.25%. அது வாங்கும் இண்டெக்ஸ் ஈடிஎஃப்களின் (சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும், பங்கைப் போலச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டுகள்) உள்செலவு 0.10%. பத்துக் கேள்வி கேட்டது, ஐந்தே நிமிடத்தில் 80% பங்கு, 20% பாண்டு (கடன்பத்திரம்) என்று ஒரு கலவையைக் காட்டியது.

கூடுதலாகக் கேட்கும் 1.4 சதவீதத்துக்கு மனிதர் அப்படி என்ன செய்து கொடுக்கிறார்? தளம் எந்த இடத்தில் காலை வாரும்? இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த வழி இருக்கிறதா? வரிச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பது தெரியும், அதனால் அடிப்படையைச் சொன்னால் போதும்.

இன்னொரு விவரம்: 14% வட்டியில் ஒரு தனிநபர் கடன், 3 லட்சம் பாக்கி. தவணை ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது.

பேரேடு எழுதியது:

முதலில் செலவைக் கணக்குப் போட்டுவிடுவோம். செலவு கழிக்கும் முன் இரண்டு பக்கமும் ஆண்டுக்கு 7% வளர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செலவே இல்லையென்றால் 20 லட்சம் 25 ஆண்டில் 1 கோடியே 8.5 லட்சம் ஆகும். தளத்தில் 0.35% போக 6.65% நிற்கும், அது ஏறத்தாழ 1 கோடியில் முடியும். ஆலோசகரிடம் 1.75% போக 5.25% நிற்கும், அது 71.9 லட்சத்தில் முடியும். இடைவெளி 28 லட்சம். நீங்கள் போடும் முதலைவிட அதிகம் இது.

1.75 என்று தனியாகப் பார்த்தால் சின்ன எண்தான். ஆனால் அதை 20 லட்சத்தோடு ஒப்பிடக்கூடாது, 7 சதவீதத்தோடு ஒப்பிட வேண்டும். வளர்ச்சியில் கால் பங்கு ஆண்டுதோறும் வெளியே போகிறது. சந்தை விழுந்த ஆண்டிலும் இந்தக் கட்டணம் நிற்காது.

இந்தச் செலவு கண்ணில் படாது, ஏனென்றால் யாரும் உங்களிடம் பில் நீட்டுவதில்லை. ஃபண்டின் உள்செலவு அன்றாட யூனிட் மதிப்பிலேயே கழிந்துவிடும், பெரும்பாலும் கணக்கு அறிக்கையில் தனியாகத் தெரியாது. ஆலோசனைக் கட்டணம் பெரும்பாலும் காலாண்டுக்கு ஒருமுறை கணக்கிலிருந்தே எடுக்கப்படும். பணமாக இருப்பு இல்லாவிட்டால் யூனிட்டை விற்று எடுப்பார்கள். இதற்கு மேல் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம், வெளியேறும் கட்டணம், நாணய மாற்றுக் கட்டணம் எல்லாம் உண்டு. அதனால் சதவீதமாகக் கேட்காதீர்கள். "முதல் ஆண்டில் என் கணக்கிலிருந்து எல்லா வகையிலும் சேர்த்து எத்தனை ஆயிரம் போகும்?" என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் விஷயத்தில் பதில் ஆலோசகரிடம் சுமார் 35,000, தளத்தில் சுமார் 7,000.

சதவீதக் கட்டணத்தில் எனக்கு உடன்பாடில்லாத விஷயம் வேறு ஒன்று. 20 லட்சத்துக்கு 1% என்றால் 20,000. அதே கணக்கு 70 லட்சமாக வளர்ந்தால் 70,000. சந்திப்பு அப்போதும் ஆண்டுக்கு இரண்டுதான், வேலையும் அதேதான்.

"கட்டணமே இல்லை, இலவச ஆலோசனை" என்று யாராவது சொன்னால் அங்கே கமிஷன் இருக்கிறது என்று பொருள். ஃபண்டையோ காப்பீட்டுத் திட்டத்தையோ விற்கும்போது அந்த நிறுவனம் அவருக்குக் கொடுக்கிறது, அது உங்கள் பணத்திலிருந்துதான் போகிறது. இதனால்தான் பிரிட்டன் 2012 கடைசியோடு முதலீட்டு ஆலோசனையில் கமிஷனைத் தடை செய்தது. 2013-ல் ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் அதே போன்ற கட்டுப்பாடு வந்தது.

தராசு எழுதியது:

பேரேடு சொன்ன கணக்கு சரி. தளத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் அது எங்கே தவறும் என்பது அதிலிருந்தே புரியும்.

அடிப்படைக் கோட்பாடு பழையது. 1952-ல் ஹாரி மார்கோவிட்ஸ் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு சொத்தின் எதிர்பார்க்கும் வருவாய், அதன் ஏற்ற இறக்கம், ஒன்று விழும்போது மற்றொன்று எப்படி நகர்கிறது என்ற மூன்றையும் வைத்து, ஒரு குறிப்பிட்ட ரிஸ்க்குக்கு அதிக வருவாய் தரும் கலவையைத் தேடுவது. சிக்கல் என்னவென்றால், எதிர்பார்க்கும் வருவாய் என்ற எண்ணை அரை சதவீதம் மாற்றினாலே கலவை தலைகீழாக மாறிவிடும். அதனால் தளங்கள் "எந்தச் சொத்தும் இத்தனை சதவீதத்தைத் தாண்டக்கூடாது" என்று கையால் வரம்பு வைக்கின்றன. ஆக, இயந்திரம் போட்ட கலவை என்று நினைப்பதற்குள்ளும் மனிதர்களின் தீர்மானம் இருக்கிறது. ஒரே பதில்களை நாலு தளங்களில் கொடுத்துப் பாருங்கள், நாலும் ஒரே கலவையைத் தராது.

இனி அந்தப் பத்துக் கேள்விகள். அவற்றில் ஒன்று கட்டாயம் இப்படி இருந்திருக்கும்: "ஒரு மாதத்தில் உங்கள் முதலீடு 20% குறைந்தால் என்ன செய்வீர்கள்? அ. எல்லாவற்றையும் விற்பேன். ஆ. ஒரு பகுதியை விற்பேன். இ. ஒன்றும் செய்யமாட்டேன். ஈ. மேலும் வாங்குவேன்." சந்தை ஏறிக்கொண்டிருக்கும் வாரத்தில் 'ஈ'யைத் தொடுபவரே, விழுந்த வாரத்தில் 'ஆ'வைத் தொடுவார். இது இழப்பைத் தாங்கும் மனத்தை மட்டும்தான் அளக்கிறது. தாங்கும் சக்தி என்பது வேறு. வேலை போனால் எத்தனை மாதம் ஓட்டலாம், உங்கள் வருமானத்தை நம்பி எத்தனை பேர், கடன் எவ்வளவு என்பதெல்லாம் அதில் வரும். இதைப் பல தளங்கள் வயது, வருமானம் என்ற இரண்டு எண்ணோடு முடித்துக்கொள்கின்றன.

உங்கள் கேள்வியிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 14% வட்டிக் கடனைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த 3 லட்சத்துக்கு ஓர் ஆண்டு வட்டி தோராயமாக 42,000. அதே 3 லட்சத்தைத் தளத்தில் போட்டால் எதிர்பார்ப்பது 21,000, அதுவும் உறுதியில்லை. கடனை அடைத்தால் 14% வருவாய், ரிஸ்க் சுத்தமாக இல்லாமல், முதல் நாளிலிருந்தே. எந்தப் பங்குக் கலவையும் இதைத் தராது. முன்கூட்டி அடைக்கக் கட்டணம் உண்டா என்று கடன் ஒப்பந்தத்தில் பாருங்கள். 2%, 3% என்று இருந்தாலும் தவணைக்காலம் ஓர் ஆண்டுக்கு மேல் பாக்கி இருந்தால் அடைப்பதுதான் லாபம். தளத்துக்கு இது தெரியாது, ஏனென்றால் அதன் கண்ணுக்கு அதனுள் இருக்கும் கணக்கு மட்டும்தான் உலகம். நல்ல ஆலோசகர் என்றால் முதல் அரை மணி நேரத்தில் இதைப் பிடித்திருக்க வேண்டும். அவர் பிடிக்கவில்லை என்றால், அதையும் கணக்கில் எடுங்கள்: 20 லட்சத்துக்கு 1%, 17 லட்சத்துக்கு 1% என்ற வித்தியாசம் அவர் பக்கமும் இருக்கிறது.

அடுத்தது, கலவைக்குள் வைக்கும் ரொக்கம். கட்டணம் 0% என்று சொல்லும் தளங்களில் இதை முதலில் பாருங்கள். 10% ரொக்கமாக நின்று, அது மற்ற முதலீட்டைவிட ஆண்டுக்கு 5% குறைவாக ஈட்டினால், மொத்தத்தில் 0.5% போய்விட்டது. 2022 ஜூனில் அமெரிக்க நிதிச் சேவைக் குழுமமான சார்லஸ் ஷ்வாபின் மூன்று நிறுவனங்கள் இந்த விஷயத்தில்தான் அந்நாட்டின் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான எஸ்இசியிடம் 18.7 கோடி டாலர் கட்டச் சம்மதித்தன, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும். ஆலோசனைக் கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்த தளம் அது. வாடிக்கையாளரின் ரொக்கத்தைக் குழும வங்கிக்கு அனுப்பி, அதைக் கடன் கொடுத்து, வட்டி வித்தியாசத்தில் சம்பாதித்தது என்பது வழக்கு.

"பங்கு விழுந்தால் பாண்டு தாங்கும்" என்ற அனுமானமும் எல்லா ஆண்டும் நிற்காது. 2022-ல் அமெரிக்காவின் எஸ்&பி 500 பங்குக் குறியீடு டிவிடெண்டையும் சேர்த்து 18% இறங்கியது. அதே ஆண்டு அங்கே பரந்த பாண்டுக் குறியீடு 13% இறங்கியது. வட்டி விகிதம் வேகமாக ஏறினால் இரண்டும் ஒன்றாக விழும். கடந்தகாலத் தொடர்புகளை வைத்துப் போட்ட கலவை அதற்குத் தயாராக இருக்காது.

தளம் நின்றுபோவதும் நடக்கும். 2016 ஜூன் 24, பிரெக்ஸிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகல்) வாக்கெடுப்பு முடிவு வந்த காலையில் அமெரிக்கத் தானியங்கித் தளமான பெட்டர்மென்ட் சில மணி நேரம் வர்த்தகத்தை நிறுத்தி வைத்தது. 2018 பிப்ரவரி 5 அன்று சந்தை சரிந்தபோது பெட்டர்மென்ட், அதே வகைத் தளமான வெல்த்ஃப்ரன்ட் இரண்டின் இணையதளங்களும் திணறின. நீண்டகால முதலீட்டுக்கு இது பெரிய நஷ்டம் இல்லை, ஒரு வகையில் நல்லதும்கூட. ஆனால் நாளைக்கே எடுக்க வேண்டிய பணத்தை அங்கே வைக்கக்கூடாது என்பதற்கு இது காரணம். ஆறு மாதச் செலவுப் பணம் வங்கியில் தனியாக இருக்கட்டும்.

புதுவரவு எழுதியது:

தராசு ஐயா, தளம் கடனைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஆலோசகர் கேட்டார், எழுதிக்கொண்டார், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தைப் பார்த்தேன், முன்கூட்டி அடைக்க 2% கட்டணம், பாக்கித் தவணை 31 மாதம். அடைத்துவிடுகிறேன்.

மீதி 17 லட்சம். சந்தை 30% விழுந்தால் இரண்டு இடத்திலும் நடைமுறையில் என்ன நடக்கும்?

நெடுவழி எழுதியது:

எண்ணிக்கை சுலபமாக இருக்க 20 லட்சத்திலேயே சொல்கிறேன், விகிதம் மாறாது. 16 லட்சம் பங்கு, 4 லட்சம் பாண்டு. பங்கு 30% விழுந்தால் 16 என்பது 11.2 ஆகும். பாண்டு அப்படியே இருப்பதாக வைத்தால் மொத்தம் 15.2 லட்சம், பங்கின் விகிதம் 80-லிருந்து 73.7 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். பல தளங்கள் 5 புள்ளி விலகினால் ரீபேலன்ஸ் செய்யும், அதாவது கலவையைப் பழைய விகிதத்துக்குத் திருப்பும். இங்கே 6.3 விலகிவிட்டது. அதனால் தளம் 96,000-க்குப் பாண்டை விற்றுப் பங்கை வாங்கும். முடிவில் 12.16 லட்சம் பங்கு, 3.04 லட்சம் பாண்டு.

எல்லோரும் விற்கும் நாளில் வாங்குவது மனிதருக்கு எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள். இயந்திரம் அதைத் தயக்கமில்லாமல் செய்துவிடும். இந்த வேலையில் தளம்தான் மேல், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மாதாமாதம் பணம் சேர்ப்பவர் என்றால் அது இன்னும் நயமாக நடக்கும். புதிய பணத்தை எது குறைந்திருக்கிறதோ அதில் போடும், விற்க வேண்டியதே இல்லை, வரியும் வராது. அந்த வசதி உங்கள் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் தளத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது: "எல்லாவற்றையும் எடு." அதை அழுத்தினால் அதுவும் தயக்கமில்லாமல் செய்துவிடும். பல தளங்கள் "இப்போது விற்றால் இவ்வளவு வரி வரும்" என்று ஓர் எச்சரிக்கை காட்டும், அவ்வளவுதான். 2020 பிப்ரவரி 19-லிருந்து மார்ச் 23-க்குள் எஸ்&பி 500 சுமார் 34% விழுந்தது. ஆகஸ்ட் 18-க்குள் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. ஐந்து மாதத்துக்குள் எழுந்ததால் பலர் தப்பித்தார்கள். 2007 அக்டோபரில் தொடங்கிய சரிவு அப்படி இல்லை. 2009 மார்ச் வரை 57% இறங்கி, 2013-ல்தான் பழைய இடத்துக்கு வந்தது. ஒன்றரை ஆண்டு இறங்கிக்கொண்டே இருக்கும் கணக்கைத் தனியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேறு. எதற்காக இந்தப் பணம், எப்போது தேவை என்பதை எடுத்துச் சொல்லி, "இந்த வாரம் விற்க வேண்டாம், அடுத்த மாதம் பேசுவோம்" என்று ஒருவர் நிதானப்படுத்துவது வேறு. நல்ல ஆலோசகர் 25 ஆண்டில் மூன்று, நான்கு முறைதான் உண்மையில் தேவைப்படுவார். அந்த முறைகள் விலை உயர்ந்தவை.

மனிதருக்கான இரண்டாவது இடம், பணத்தை எடுக்கத் தொடங்கும் காலம். போட்ட பணத்தைத் தொடாமல் விட்டிருக்கும்போது வருவாய் எந்த வரிசையில் வருகிறது என்பதை மறந்துவிடலாம், எடுக்கும்போது மறக்க முடியாது. 100 இருக்கிறது, ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் 5 எடுக்கிறோம். முதல் ஆண்டு 20% நஷ்டம், அடுத்து 5% லாபம், பிறகு 25% லாபம் என்று வந்தால் மூன்றாம் ஆண்டு முடிவில் 87.2 நிற்கும். அதே மூன்று எண்ணும் தலைகீழ் வரிசையில் வந்தால் 91.8. எடுக்காமல் விட்டிருந்தால் இரண்டு வரிசையிலும் 105தான். மூன்றே ஆண்டில் இந்த அளவு பிளவு என்றால், முப்பது ஆண்டு ஓய்வுக்காலத்தில் முதல் சில ஆண்டுகளே விதியைத் தீர்மானித்துவிடும். அந்தக் கட்டத்தில் எந்தக் கணக்கிலிருந்து முதலில் எடுப்பது, ஓய்வூதியத்தை எப்போது தொடங்குவது, இரண்டு ஆண்டுச் செலவைத் தனியாக ஒதுக்குவதா, வரி வரம்பைத் தாண்டாமல் எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். தளங்களில் இதற்குக் கருவிகள் வந்துவிட்டன, ஆனால் அவை பெரும்பாலும் தம்மிடம் உள்ள கணக்கை மட்டும் வைத்துச் சொல்கின்றன.

வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்குகள் சொத்தில் பாதி, மாற்றுத்திறனாளிக் குழந்தையின் எதிர்காலம், கூட்டுத் தொழிலில் பிரிவினை, மணமுறிவு, இரண்டு நாட்டில் வரி: இவற்றில் ஒன்று இருந்தாலும் தளத்தை மட்டும் நம்பக்கூடாது.

பேரேடு எழுதியது:

நெடுவழி சொன்னதில் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 25 ஆண்டில் மூன்று நான்கு முறை தேவைப்படுபவருக்கு ஆண்டுதோறும் 1% ஏன் கொடுக்க வேண்டும்? இந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டீர்கள். 20 லட்சத்தில் தொடங்கினால் முதல் பத்தாண்டில் மட்டும் அந்த 1% ஏறத்தாழ 2.5 லட்சம் ஆகிறது.

வேலையைப் பிரித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கலவை, வாங்குவது, ரீபேலன்ஸ் இதெல்லாம் தளத்துக்கு. கடன், காப்பீடு, வாரிசு நியமனம், வரி, பணம் எடுக்கும் திட்டம் இதெல்லாம் மணிக்கணக்கிலோ நிலையான தொகையிலோ கட்டணம் வாங்கும் ஆலோசகருக்கு. அவர் எதையும் விற்கக்கூடாது, உங்கள் பணத்தைக் கையாளவும் கூடாது. முதல் ஆண்டில் முழுத் திட்டம், பிறகு வாழ்க்கையில் ஏதாவது மாறும்போது ஒரு சந்திப்பு. நிலையான தொகையைக் கேட்டதும் "இவ்வளவா" என்று தோன்றும், ஏனென்றால் அதற்குக் கையால் பணம் கட்ட வேண்டும். பத்தாண்டு மொத்தத்தோடு ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

தளமும் மனிதரும் ஒரே இடத்தில் கிடைக்கும் கலப்புச் சேவைகளும் உண்டு. அமெரிக்க ஃபண்டு நிறுவனமான வேன்கார்ட் 2015-ல் 0.30 சதவீதத்துக்கு அப்படி ஒன்றைத் தொடங்கியது. கலப்புச் சேவையில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு முறையும் அதே ஆள் பேசுவாரா, அழைப்பை எடுக்கும் யாரோ ஒருவரா? இரண்டாவது என்றால் நெடுவழி சொன்ன "நிதானப்படுத்தும்" வேலை நடக்காது.

நெடுவழி எழுதியது:

பிரிப்பது நல்ல யோசனைதான். ஒரு குறை மட்டும் சொல்லிவிடுகிறேன். மணிக்கணக்கில் கட்டணம் என்றால் பயத்தில் இருக்கும் ஆள் தொலைபேசியை எடுக்கத் தயங்குவார், தேவைப்படும் நாளில் கூப்பிடமாட்டார். ஆண்டுக்கு ஒரு நிலையான தொகை, அதற்குள் சரிவுக் காலத்தில் இரண்டு அழைப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது மேல்.

ஐந்தொகை எழுதியது:

யாரிடம் போனாலும் கையெழுத்துக்கு முன் சரிபார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முதலாவது, பணம் யார் பெயரில் எங்கே இருக்கிறது என்பது. ஆலோசகரும் தளமும் உங்கள் கணக்கில் வாங்க, விற்க மட்டும் அனுமதி பெற்றிருக்க வேண்டும். சொத்து தனியான கஸ்டோடியன் நிறுவனத்தில் (முதலீட்டைப் பாதுகாத்து வைக்கும் நிறுவனம்) உங்கள் பெயரில் இருக்க வேண்டும். காசோலையோ பணப்பரிமாற்றமோ கஸ்டோடியன் பெயருக்கே போக வேண்டும், ஆலோசகரின் பெயருக்கோ அவர் நிறுவனத்தின் பெயருக்கோ ஒருபோதும் போகக்கூடாது. கணக்கு அறிக்கை கஸ்டோடியனிடமிருந்து நேராக உங்களுக்கு வர வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை அதையும் ஆலோசகர் தரும் அறிக்கையையும் பக்கத்தில் வைத்து யூனிட் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். மதிப்பைவிட யூனிட் எண்ணிக்கைதான் முக்கியம். 2008 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிப்பட்ட பெர்னார்ட் மேடாஃப் என்ற முதலீட்டு நிர்வாகியின் மோசடி அத்தனை ஆண்டு ஓடியதற்குப் பெரிய காரணம், வாடிக்கையாளர் பணமும் அறிக்கையும் அவர் நிறுவனத்துக்குள்ளேயே இருந்ததுதான்.

பதிவு எண்ணை ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் நீங்களே தேடுங்கள், அவர் காட்டும் சான்றிதழ் போதாது. பழைய தண்டனை, புகார் இருந்தால் பல நாடுகளில் அங்கேயே தெரியும். பிறகு ஒரு கேள்வி: "என் நலனுக்கே முதலிடம் கொடுக்கும் சட்டக் கடமை உங்களுக்கு எல்லா நேரத்திலும் உண்டா, சில பொருள்களை விற்கும்போது இல்லையா?" ஒரே ஆள் ஆலோசகராகவும் காப்பீட்டு முகவராகவும் இரண்டு பதிவு வைத்திருக்கலாம். காலையில் ஆலோசகராகப் பேசியவர் மாலையில் முகவராகப் பாலிசியை நீட்டினால் சட்டம் இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கும்.

அவர் எழுதிக் கொடுத்த ஃபண்டுகளைப் பாருங்கள். எல்லாம் அவர் சார்ந்த குழுமத்தின் ஃபண்டுகளாகவே இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு நாள் வெளியேறும்போது சொந்த ஃபண்டுகளை அப்படியே வேறு இடத்துக்கு மாற்ற முடியாமல் போகலாம். விற்றுத்தான் வர வேண்டும், லாபத்துக்கு வரி கட்ட வேண்டும்.

தளத்திலும் இதே வெளியேறும் சிக்கல் உண்டு, பலர் கவனிப்பதில்லை. தளங்கள் 3.472 யூனிட் என்று பின்னத்தில் வாங்கும். கணக்கை மாற்றும்போது முழு யூனிட்டுகள் மட்டும் போகும், பின்னம் விற்கப்பட்டு ரொக்கமாக வரும். அது சிறு தொகை, பரவாயில்லை. ஆனால் சில தளங்கள் அப்படியே மாற்றும் வசதியே தராமல் முழுவதையும் விற்றுப் பணமாகத்தான் தரும். அப்படியானால் பத்தாண்டு லாபத்துக்கு ஒரே ஆண்டில் வரி வந்து நிற்கும். தளங்கள் மூடுவதும் புதிதில்லை. யூபிஎஸ் வங்கி தன் பிரிட்டன் தளத்தை 2018-ல் கைவிட்டது. 2024-ல் கோல்ட்மன் சாக்ஸ் வங்கி தன் தானியங்கி வாடிக்கையாளர்களைப் பெட்டர்மென்ட்டுக்குக் கைமாற்றியது. ஆகவே சேரும் முன்பே "யூனிட்டாகவே வெளியே எடுத்துப்போக முடியுமா, கட்டணம் என்ன?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

டாக்ஸ்-லாஸ் ஹார்வெஸ்டிங் என்று தளம் பெரிதாக விளம்பரம் செய்திருந்தால் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். 100-க்கு வாங்கிய ஈடிஎஃப் 80-க்கு இறங்கினால் அதை விற்று 20 நஷ்டத்தைக் கணக்கில் காட்டிவிட்டு, அதே மாதிரியான இன்னொன்றை 80-க்கு வாங்குவது. இன்று வரி குறையும், ஆனால் வாங்கிய விலை இப்போது 80. பின்னால் 120-க்கு விற்கும்போது லாபம் 20 இல்லை, 40. வரி தள்ளிப்போகிறதே தவிர அழிவதில்லை. அதே சொத்தை 30 நாளுக்குள் திரும்ப வாங்கினால் நஷ்டத்தை அப்போது கணக்கில் எடுக்க முடியாது என்ற வகை விதி அமெரிக்கா, பிரிட்டன், கனடாவில் இருக்கிறது. தளம் தன் கணக்கைத்தான் பார்க்கும். நீங்கள் வேறு இடத்தில் அதே ஈடிஎஃப்பை வைத்து, டிவிடெண்ட் தானாக மறுமுதலீடு ஆகும்படி விட்டிருந்தால், அந்தச் சின்னக் கொள்முதலே நஷ்டத்தின் ஒரு பகுதியைச் செல்லாததாக்கிவிடும். இயந்திரம் சொன்னதைச் செய்கிறதா என்பதும் கேள்விதான். 2023 ஏப்ரலில் பெட்டர்மென்ட் இந்தச் சேவை தொடர்பாக எஸ்இசியுடன் 90 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்தது. தினமும் கணக்கைச் சோதிப்பதாகச் சொல்லியிருந்ததை ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மாற்றியதைத் தெரிவிக்கவில்லை, நிரல் பிழைகளும் இருந்தன என்பது குற்றச்சாட்டு.

புதுவரவு எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கடனை அடைத்துவிட்டு, மீதியைத் தளத்திலும், திட்டத்துக்கு மட்டும் நிலையான கட்டண ஆலோசகரிடமும் போவதாக முடிவு. முதல் சந்திப்புக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும்? நேரத்துக்குக் காசு என்பதால் தயாராகப் போக விரும்புகிறேன்.

ஐந்தொகை எழுதியது:

மூன்று ஆண்டு வரிக் கணக்கு, பன்னிரண்டு மாத வங்கி அறிக்கை (செலவை வகை பிரித்து நீங்களே ஒரு தாளில் கூட்டிவைத்தால் அவர் நேரத்தில் ஒரு மணி மிச்சம்), கடன் ஒப்பந்தங்கள் இருந்தால் வட்டி விகிதமும் பாக்கித் தவணையும், எல்லாக் காப்பீட்டு ஆவணங்களும், ஓய்வூதிய விவரம், ஒவ்வொரு கணக்கிலும் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்ற பட்டியல். வாரிசுப் பெயரை நினைவிலிருந்து எழுதாதீர்கள், ஒவ்வொரு கணக்கிலும் திறந்து பார்த்து எழுதுங்கள்.

தளத்தின் கலவையை அச்சிட்டுக் கொண்டுபோங்கள். 80/20 உங்கள் மொத்த நிலைமைக்குச் சரியா என்று கேளுங்கள். வெளியே ஓய்வூதிய நிதியில் ஏற்கனவே பெரிய அளவில் பாண்டு இருந்தால் தளத்தில் இன்னொரு 20% தேவையில்லாமல் போகலாம். அவர் மாற்றச் சொன்னால் தளத்தின் கேள்விகளுக்குப் பதிலை வளைத்து மாற்றாதீர்கள், ரிஸ்க் அளவை நேராக மாற்றும் அமைப்பு இருக்கும், அதில் செய்யுங்கள்.

சந்திப்பு முடிந்து வெளியே வரும்போது கையில் எழுத்தில் இருக்க வேண்டியது: எவ்வளவு காப்பீடு, எந்தக் கணக்கில் மாதம் எவ்வளவு, ரீபேலன்ஸ் வரம்பு என்ன, 30% சரிவில் என்ன செய்வது என்ற ஒரு பக்கம்.

தராசு எழுதியது:

அந்தக் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு நீங்களும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். 17 லட்சத்தில் 80/20 வைத்து, பங்கு 30% சரிந்தால் கணக்கு 12.92 லட்சம் காட்டும். அந்த எண்ணையும் இன்றே அதில் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, கடன் தவணைக்குப் போய்க்கொண்டிருந்த தொகை அடுத்த மாதத்திலிருந்து மிச்சமாகும். முதலில் அது ஆறு மாதச் செலவு நிதிக்குப் போகட்டும். அது நிரம்பிய மாதத்திலிருந்து தளத்துக்குத் தானாகப் போகும்படி வங்கியில் உத்தரவு கொடுத்துவிடுங்கள், சம்பளம் வரும் தேதிக்கு மறுநாள்.